பார்ப்பவரே பட்டனை அழுத்தும் காதல் குறும்படம்: நாங்கள் எடுத்த விதம்

இரண்டு வருடத்துக்கு முன் நானும் நான்கு நண்பர்களும் மதுரையில் ஒரு குறும்படம் எடுத்தோம். கவிதாவைக் காதலிக்கும் பிரபு, கொஞ்சம் கொஞ்சமாக அவளைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறான். கவிதா என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்பவரே பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுப்பார். கதை என் அக்காவுடையது. அவள் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

முதலில் கணக்கு. ஒவ்வொரு தேர்விலும் கதை இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது சேரவே இல்லை என்றால், ஐந்து தேர்வுக்கு 63 காட்சி எடுக்க வேண்டும். பிரிந்ததை அடுத்த காட்சியிலேயே சேர்த்து, கடைசித் தேர்வை மட்டும் இரண்டு முடிவுகளாக விட்டால் 15 போதும். இது புதிய உத்தி இல்லை. 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் கினோஆட்டோமாட் என்ற படம் காட்டினார்கள். இருக்கையில் சிவப்பு, பச்சைப் பட்டன்கள். கூட்டம் எதை அழுத்தினாலும் கதை சுற்றி ஒரே இடத்துக்கு வந்துவிடும். நம் கதைக்கு இது அப்படியே பொருந்தும். பிரபு மாதிரி ஆளிடம் எப்படிப் பேசினாலும், பேச்சு அவன் நினைத்த இடத்தில்தான் போய் நிற்கும்.

காட்சிகளைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அது குழம்பியதும் ட்வைன் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினோம். கட்டம் கட்டமாக எழுதி இணைத்தால் போதும், படம் எடுக்கும் முன்பே கதையை விளையாடிப் பார்க்கலாம்.

அதிக நேரம் செலவிட வேண்டியது பட்டனில் வரும் வார்த்தைகளுக்கு. எங்கள் முதல் பிரதியில் ‘நம்பு’, ‘நம்பாதே’ என்று இருந்தது. ஐந்து பேரிடம் காட்டினோம், ஐந்து பேரும் ‘நம்பாதே’தான். வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக யாரும் கேட்பதில்லை. அக்காவிடம் கேட்கப்பட்டதெல்லாம் சின்ன விஷயங்கள். அதனால் மாற்றினோம். பிரபு சிரித்துக்கொண்டே போன் பாஸ்வேர்டு கேட்கிறான். பட்டன்கள்: ‘சொல்லிவிடு’, ‘பேச்சை மாற்று’. பேச்சை மாற்றினால் அவன் கோபப்பட மாட்டான். முகம் வாடி, “பரவாயில்ல. நான்தான் உன்ன ரொம்ப நம்பிட்டேன்” என்பான். அடுத்த காட்சியில் கவிதாவே பாஸ்வேர்டைச் சொல்வாள். இரண்டு கிளையும் அங்கே சேர்ந்துவிடும், பார்ப்பவருக்கும் அது உறைக்கும்.

நான்காவது இடத்தில் ஒரே பட்டன்தான் வைத்தோம்: ‘மன்னிப்புக் கேள்’. எங்களுக்கு 15 காட்சி 14 ஆனது அதனால்தான்.

ஆரம்பக் காட்சிகளில் பிரபுவை நல்லவனாகவே காட்டுங்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் டிபன் கேரியரில் கஞ்சி கொண்டு வரட்டும். அங்கே பயமுறுத்தும் இசை வேண்டாம். அந்தக் கஞ்சியைப் பார்ப்பவரும் நம்பாவிட்டால், கவிதாவை முட்டாள் என்று நினைத்துவிடுவார்கள்.

யூடியூபில் ஒவ்வொரு காட்சியும் தனி வீடியோ. அங்கே பட்டனாக உதவுவது எண்ட் ஸ்கிரீன், அதாவது வீடியோ முடியும் நேரத்தில் மற்ற வீடியோக்களுக்குத் தெரியும் இணைப்புகள். வீடியோ குறைந்தது 25 வினாடி இருக்க வேண்டும். இணைப்புகள் கடைசி 5 முதல் 20 வினாடி வரை தெரியும், நான்குக்கு மேல் வைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் 20 வினாடி வசனமில்லாமல் எடுங்கள். நடிகை நடுவில் இருக்கட்டும், இரு பக்கமும் வெறும் சுவர். இது தெரியாமல் எடுத்த முதல் நாள் காட்சிகளில் இணைப்புப் படம் அவள் முகத்தையே மறைத்தது. திரும்ப எடுத்தோம். மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். படத்திலேயே எனக்குப் பிடித்தது அந்த 20 வினாடிகள்தான்.

அப்புறம், சேரும் காட்சிகளில் உடை, வளையல் எல்லாம் இரு கிளைக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தேர்வில் ‘கதவைத் திற’, ‘இன்னொரு நாள்’ என்று வைத்தோம். ‘இன்னொரு நாள்’ அழுத்தியவரைத் திட்டும் முடிவு வேண்டாம். அந்தக் காட்சியின் இறுதியில் மறுபடி அதே கேள்விக்கு இணைப்புக் கொடுத்தோம். அக்கா நான்கு முறை கிளம்பி நின்றவள், ஐந்தாவது முறைதான் வெளியே வந்தாள்.

ஏற்றும் முன் அவளிடம் காட்டினோம். கதவைத் திறக்கும் காட்சியில் கவிதா கையில் பெரிய சூட்கேஸ். “அதெல்லாம் எடுத்துட்டு வர முடியாதுடி. சர்டிபிகேட் ஃபைலு, கால்ல செருப்பு, அவ்வளவுதான்” என்றாள். அடுத்த ஞாயிறு அந்தக் காட்சியை மறுபடி எடுத்தோம்.