பழைய லேப்டாப்புக்கு முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ரேம்

லேப்டாப் ஆன் ஆகவே மூன்று நிமிடம் எடுக்கிறது என்றால், ரேமுக்கு (வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) பணம் போடுவதற்கு முன் உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அது வினாடிக்கு 100 எம்பி அளவில்தான் படிக்கும், அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் சாதாரண எஸ்எஸ்டியோ (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) 500 எம்பியைத் தாண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே மெஷின் வேறு மாதிரி ஆகிவிடும்.

2012இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 7 மிமீ தடிமனுள்ள 2.5 இஞ்ச் டிரைவ்தான் உட்காரும், 9.5 மிமீ வாங்கினால் வீண். இரண்டு ரேம் ஸ்லாட்டும் அடிமூடிக்குக் கீழேயே இருக்கின்றன, மொத்தம் 16 ஜிபி வரை போடலாம்.

இந்த மாதிரி டிடிஆர்3 வகை ரேம் போடும் லேப்டாப்புக்கு வாங்கும்போது, அதிலேயே குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள். அது 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5லும் ஓடும். ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்களில் பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3ஐச் செருகினால் பெரும்பாலும் ஆன் ஆகாது. அடுத்த தலைமுறை டிடிஆர்4 ரேமோ இந்த ஸ்லாட்டிலேயே ஏறாது, தயவுசெய்து அழுத்திப் பார்க்காதீர்கள்!

திறப்பதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். ரேமைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று விழும்வரை கீழே அழுத்தினால் உட்கார்ந்துவிடும். சரி, பழைய டிஸ்க்கை என்ன செய்வது? யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.