பத்திரிகைக்கு முதல் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு

ஒரு மாத இதழுக்காக, ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ஆசாரி ஒருவரைப் பேட்டி எடுத்தேன். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்த நேரம். முதல் தடவை இரண்டு மணி நேரம் பேசியும், எழுத உட்கார்ந்தபோது அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. மறுபடி போனேன். அந்த இரண்டாவது தடவை செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. படித்துவிட்டுப் போங்கள்

உலவு (துளைகள் உள்ள நீளமான குழல்), அணசு (அடியில் விரிந்திருக்கும் பகுதி), சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) என்று பாகங்களின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். நாகஸ்வரத்தில் திமிரி, பாரி என்று இரண்டு வகை. திமிரி குட்டையானது, சுருதி கூடுதல். பாரி நீளமானது, சுருதி குறைவு. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரம் செய்து கொடுத்தது இந்த ஊரில்தான். இவ்வளவு தெரிந்தால் போதும், பேட்டி கொடுப்பவர் நேராக உள்விஷயத்துக்கு வந்துவிடுவார்.

2. நேரம் கேளுங்கள்

எந்த இதழ், எதைப் பற்றி, எத்தனை மணி நேரம், படம் எடுப்பீர்களா என்பதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்யப் போவதையும் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை அனுமதி கேளுங்கள்.

3. பதிவு

தனியாக ரெக்கார்டர் வாங்க வேண்டாம், போன் போதும். ஆனால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். முதல் பேட்டியில் நடுவே ஒரு அழைப்பு வந்து பதிவு நின்றுபோனது, கிளம்பும்போதுதான் கவனித்தேன். சட்டையில் மாட்டும் வயர் மைக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் மைக்கை நான் நம்புவதில்லை, சார்ஜ் எப்போது தீரும் என்ற கவலையே கவனத்தைக் கெடுக்கும். பட்டறையில் கடைசல் எந்திரம் ஓடும். இரண்டு நிமிஷம் பதிவு செய்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நோட்டும் வேண்டும். கை என்ன செய்கிறது, சுவரில் யார் படம் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் போனில் பதிவாகாது.

4. கேள்வி

நான் தடுமாறிய இடம் இதுதான். முதல் தடவை, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க ஐயா" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்றது தம்பி. தாத்தா செஞ்சார், அப்பா செஞ்சார், நான் செய்றேன்" என்றார். அவ்வளவுதான். அவர் மேல் தப்பே இல்லை. ஐம்பது வருஷத்தை ஒரே கேள்வியில் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

இரண்டாம் தடவை கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டேன். மூலையில் கறுத்துப்போன உத்தரம் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதில் வரிசையாகத் துளைகள். "இது என்ன ஓட்டைங்க ஐயா?" என்று கேட்டேன்.

"ஆணி அடிச்ச எடம். ஆச்சா மரம். புது மரம்னா வெடிச்சிடும், அதனால பழைய வீட்டு மரமாத்தான் தேடுவோம். எங்கயாவது வீடு இடிக்கிறாங்கன்னு காதுல விழுந்தா ஓடுவோம்."

பதில் முடிந்தது. அடுத்த கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கவில்லை, மனசுக்குள் பத்து வரை எண்ணினேன். அவர் ஒரு ஆணித் துளையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "இது அப்பா வாங்கிப் போட்டது. இதுல உலவு எடுக்க இன்னும் மனசு வரல."

கட்டுரை அந்த வரியில்தான் தொடங்கியது. ஆகவே கண்ணெதிரே இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். பதில் முடிந்ததும் கொஞ்சம் சும்மா இருங்கள். பேசுகிறவர் தனக்காகச் சொல்லிக்கொள்வது அந்த இடைவெளியில்தான் வரும்.

5. வருஷங்களைச் சரிபாருங்கள்

ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-இல். அறுபதுகளில் அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்ததாக யாராவது சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். "அப்போ உங்களுக்கு என்ன வயசு ஐயா?" என்று கேளுங்கள். கணக்கு அவருக்கே சரியாக வந்துவிடும்.

6. அன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள்

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. தானாக எழுதித் தரும் செயலிகள் தொழில் சொற்களில் தடுக்கி விழுகின்றன, அதனால் கேட்டுக் கேட்டு நானேதான் எழுதுகிறேன். அவர் "வெடிச்சிடும்" என்றால் மேற்கோளிலும் அப்படியே இருக்கட்டும். "வெடித்துவிடும்" என்று திருத்தினால் அது அவர் குரல் இல்லை.

பின்சேர்க்கை: அச்சுக்கு முன் கட்டுரையைக் காட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முழுக் கட்டுரையை நான் அனுப்புவதில்லை. அவர் சொன்னதாகப் போடும் வரிகளை மட்டும் போனில் படித்துக் காட்டி, தப்பிருந்தால் திருத்துவேன்.

இன்னொரு பின்சேர்க்கை: பெரியவரிடம் கேட்டால் மகன் பதில் சொல்லிவிடுகிறார் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எனக்கும் நடந்தது. "அண்ணே, உங்ககிட்டயும் தனியா அரை மணி நேரம் பேசணும், அப்பாவை முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இதழ் வந்ததும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று மகனுக்கு.