போர்ப்பகுதிக்கு டார்ச் கொண்டு போகிறீர்களா? லுமெனை மறந்துவிடுங்கள்

நிவாரண வேலைக்கோ செய்தி சேகரிக்கவோ உக்ரைன் போகிறவர்கள் பை கட்டும்போது மறக்காமல் எடுத்து வைப்பது ஒரு குட்டி எல்இடி டார்ச். எடுத்து வைக்க வேண்டியதுதான். 2022 அக்டோபர் 10-ம் தேதியிலிருந்து ரஷ்யா மின்நிலையங்களைக் குறிவைத்து அடிக்க ஆரம்பித்த பிறகு, தலைநகர் கீவிலேயே மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள். பாதி வழியில் நின்றுபோகும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களுக்காகத் தண்ணீர், பிஸ்கட், டார்ச் எல்லாம் போட்டு ஒரு பெட்டியை லிஃப்டுக்குள்ளேயே வைத்தார்கள் குடியிருப்புக்காரர்கள். ஆகவே டார்ச் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்மவர்கள் வாங்கிக்கொண்டு போகிற டார்ச்தான் பெரும்பாலும் தப்பானது.

கடையில் போய் எது ரொம்ப வெளிச்சம் என்று கேட்பதில் ஆரம்பிக்கிறது தப்பு. கைக்குள் அடங்குகிற டார்ச்சில் 3000 லுமென் என்று போட்டிருப்பார்கள், லுமென் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. அந்தப் பிரகாசம் ஓரிரு நிமிடம்தான், அதற்குள் டார்ச் சுட ஆரம்பித்து, தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அட்டையில் எழுதியிருக்கும் மணிக்கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். வழக்கமான அளவீட்டு முறையில், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவீதமாகக் குறையும்வரை உள்ள நேரம் முழுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். சரி, அதெல்லாம் வியாபாரம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எவ்வளவு குறைவாக எரியும்? ஒரு மெழுகுவத்தி தருவது சுமார் 12 லுமென். அதில் பதுங்குமிடத்துப் படிக்கட்டு இறங்கலாம், பாஸ்போர்ட் தேடலாம், காலணிக் கயிறு கட்டலாம். ஒரு லுமெனுக்கும் கீழே போகிற டார்ச் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஏனென்றால் இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரே ஒரு தடவை பளீரென்று அடித்தால் அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதைவிட முக்கியம், உங்களுக்குப் பாதை தெரிவதற்கு முன்னால் நீங்கள் அடுத்தவருக்குத் தெரிந்துவிடுவீர்கள். ஊரே இருண்டு கிடக்கும்போது ஒற்றை ஜன்னலில் ஆடுகிற வெளிச்சம் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது சிவப்பு விளக்கு. சிவப்பு வெளிச்சம் போட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. சிவப்பால் கிடைப்பது ஒரே லாபம்: இருட்டில் வேலை செய்கிற கண்ணின் செல்கள் அந்த நிறத்துக்கு அதிகம் அசைவதில்லை, அதனால் இருட்டுப் பார்வை அவ்வளவாகக் கெடாது. எதிரே இருப்பவருக்கும் அது தெரியத்தான் செய்யும், அதுவும் இரவுப் பார்வைக் கருவி வைத்திருப்பவருக்குச் சிவப்பும் அதைத் தாண்டிய அகச்சிவப்பும் வெகு பிரகாசம். இன்னொரு கஷ்டமும் உண்டு. சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துபோகும், கருப்புத் துணியில் ரத்தம் எங்கே கசிகிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. காயத்துக்குக் கட்டுப் போட வெள்ளை வெளிச்சம்தான் வேண்டும், அதை உள்ளே வைத்து, மறைத்து, குறைத்துப் போடுங்கள்.

சோதனைச் சாவடியில் செய்கிற தப்புகள்தான் எனக்கு அதிகம் பயம் தருபவை. கருப்பு உலோகத்தில், முனையில் பல் பல்லாக வைத்த, ராணுவப் பாணி 'டாக்டிகல்' டார்ச்சை இருட்டில் சட்டைப் பையிலிருந்து சட்டென்று எடுத்தால், துப்பாக்கியோடு நிற்கிற இருபது வயதுப் பையனுக்கு அது டார்ச்சாகவா தெரியும்? அவன் முகத்தில் வெளிச்சம் அடிக்கவே கூடாது. காரில் போனால் ஹெட்லைட்டைக் குறைத்துவிட்டு, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையும் தெரிகிற மாதிரி வையுங்கள், டார்ச்சைத் தொடவே வேண்டாம். விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் வசதி உள்ளதை வாங்காமல் இருப்பது உத்தமம். ஜன்னலிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ வெளிச்சம் மின்னினால் யாரோ சைகை காட்டுகிறார்கள் என்றுதான் அங்கே நினைப்பார்கள், பட்டன் குழப்பம் என்று விளக்கம் சொல்ல உங்களுக்கு மொழியும் தெரியாது.

பேட்டரி விஷயம். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் மூடியிருப்பதால், போலந்து வரை விமானம், அங்கிருந்து ரயில் அல்லது பஸ். விமானத்தில் உதிரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. அதற்காக இருபது செல் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். போர் நடக்கும் இடத்தில் பேட்டரி வெறும் பேட்டரி இல்லை. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் போகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள் அங்கே. குளிர்காலம் என்றால் சாதாரண ஆல்கலைன் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல் மைனஸ் 40 டிகிரியிலும் வேலை செய்யும். சார்ஜ் செய்கிற வகையை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் கெட்டுவிடும், முதலில் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். பையில் போடும்போது டார்ச்சின் பின் மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பல டார்ச்களில் தொடர்பு அறுந்துவிடும். இதைச் செய்யாமல் ஒரு தடவை மதுரை ரயிலில் என் பைக்குள்ளேயே டார்ச் எரிந்து, ஒரு துண்டைப் பழுப்பாக்கியது. மதுரையானதால் பிழைத்தேன்.

போனில்தான் டார்ச் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அந்த சார்ஜ், வான்தாக்குதல் எச்சரிக்கை செயலிக்கும் வீட்டுக்கு ஒரு அழைப்புக்கும் வேண்டும்.

கையில் நல்ல டார்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் இரவில் தார் ரோட்டை விட்டு இறங்குவதற்கு மன்னிப்பே கிடையாது. அங்கே வீசப்பட்டுள்ள ஒரு வகை மிதிவெடி உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக், பச்சை அல்லது பழுப்பு நிறம், பார்க்க உதிர்ந்த இலை மாதிரி இருக்கும். பட்டப்பகலிலேயே புல்லில் தெரியாது. எத்தனை லுமென் அடித்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒதுங்க வேண்டுமென்றால்கூட ரோட்டின் மேலேயே.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரே கையால் டார்ச்சின் மிகக் குறைந்த வெளிச்சத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று தடவைக்குள் வராமல் ஸ்ட்ரோப் மின்னினால், அதைக் கொல்லைப்புறத்துக்கு வைத்துக்கொண்டு வேறொன்று வாங்குங்கள்.