குடும்ப நிலத்தில் பழங்காசு தேடும் முறை

சொந்த நிலத்தில் மெட்டல் டிடெக்டரைக் கொண்டு தேடுபவருக்கு அவசரம் என்பதே இல்லை. ஆகவே கருவியை வாங்குவதற்கு முன்பே, நிலத்தை நன்கறிந்த வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலையாக இருக்க வேண்டும். பழைய வீடு எங்கே நின்றது, தூர்ந்துபோன கிணறு எங்கே இருந்தது, ஒற்றையடிப் பாதை எவ்வழியே சென்றது, வேலையாட்கள் எந்த மரத்தின் நிழலில் இளைப்பாறினார்கள் என்பவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மனிதர்கள் உட்கார்ந்து எழுந்த இடங்களிலும், குனிந்து வேலை செய்த இடங்களிலுமே காசுகள் நழுவி விழுந்திருக்கும்.

நிலம் நம்முடையது என்பதாலேயே அதனுள் புதைந்திருப்பதும் நம்முடையதாகிவிடாது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுப்பவர் ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அயர்லாந்திலோ, தொல்பொருளைத் தேடும் நோக்கத்துடன் இக்கருவியைப் பயன்படுத்துவதற்கே முன்அனுமதி தேவை. உங்கள் நாட்டுச் சட்டத்தையும், நிலத்தில் பங்குள்ள உறவினர் அனைவரின் சம்மதத்தையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

காசு தேடுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது மிகத் தாழ் அதிர்வெண் வகைக் கருவியாகும். அதன் வட்டக் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அது அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அதனால் எழும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் உணர்ந்து, அதன் தாமதத்தைக் கொண்டு உலோகத்தின் தன்மையை ஓர் எண்ணாகவும் ஒலியாகவும் காட்டுகிறது. இரும்புக்குத் தாழ்ந்த எண்ணும், கனத்த வெள்ளி, செம்புக் காசுகளுக்கு உயர்ந்த எண்ணும் வருவது வழக்கம். ஆனால் மெல்லிய தங்கக் காசும் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே குப்பையை ஒதுக்குவதற்கான அமைப்பை அளவுக்கு மீறிக் கூட்டுவது, நல்ல பொருளையும் சேர்த்து ஒதுக்குவதாகவே முடியும். தொடங்குவதற்கு முன், உலோகம் இல்லாத ஒரு சிறு பரப்பின் மேல் காயிலை உயர்த்தித் தாழ்த்தி, மண்ணிலுள்ள தாதுக்களின் ஒலி அடங்கும்வரை கருவியின் மண் சமநிலை அமைப்பைச் சரிசெய்யுங்கள். செம்மண்ணில் இதைச் செய்யாவிட்டால் கருவி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

நிலத்தைக் கயிற்றால் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, காயிலைத் தரைக்கு இணையாக, தரையை உரசாத அளவுக்கு நெருக்கமாக வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி மெதுவாக நகருங்கள். வீச்சின் இரு முனைகளில் காயிலை உயர்த்துவது, புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் குறை. சிறிய காசு ஒன்றைப் பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரையே கருவி உணரும். ஈர மண்ணில் இது சற்று எளிதாகும் என்பதால், மழைக்குப் பிந்தைய நாட்கள் ஏற்றவை. ஆணிகள் நிறைந்த பழைய வீட்டடியில் சிறிய காயிலே சிறந்தது. பெரிய காயில் ஆணியையும் காசையும் ஒன்றாக உணர்வதால், இரும்பின் ஒலி காசின் ஒலியை மறைத்துவிடும்.

காயிலை இரு திசைகளிலிருந்து வீசியும் ஒலி ஒரே இடத்தில் கேட்டால் தோண்டலாம். மின்கம்பியோ குழாயோ கீழே செல்லவில்லை என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். புல்தரையில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல் போல விட்டுப் புரட்டினால் வேர்கள் பிழைக்கும். எடுத்த மண்ணை ஒரு விரிப்பின் மேல் குவித்து, வேலை முடிந்ததும் அப்படியே திரும்ப நிரப்புங்கள். வெடிகுண்டு போலவோ தோட்டா போலவோ தோன்றும் எதையும் தொடாமல் விலகி, காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஒரே குழியில் பல காசுகளோ, பானை ஓடுகளோ தென்பட்டால் அந்தக் கணமே தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். இதை மிகுந்த அக்கறையுடன் வேண்டுகிறேன். 1992ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் ஊரில், தொலைந்த ஒரு சுத்தியலைத் தேடிச் சென்ற எரிக் லாஸ் என்பவர் 15,000 காசுகளுக்கு மேல் கொண்ட ரோமானியப் புதையலைக் கண்டபோது, முழுவதையும் தோண்டிவிடாமல் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் பொருள்கள் கிடந்த நிலையைப் பதிவு செய்தபடி எடுத்ததனாலேயே, அவை மரப்பெட்டிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியவந்தது.

தனிக் காசாக இருந்தாலும், அது கிடந்த சதுரம், ஆழம், நாள், உடன் கிடைத்தவை ஆகியவற்றைப் படத்துடன் குறித்து, எண்ணிட்ட தனி உறையில் இடுங்கள். துலக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது, நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பூச்சையும் அதன் அடியிலுள்ள எழுத்துகளையும் சில நிமிடங்களில் அழித்துவிடும். தளர்ந்த மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் மெல்லக் கழுவி, துடைக்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும். இரும்புப் பொருள்களை நீரில் நனைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைத்து, அருங்காட்சியகத்தில் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.