கொள்கை போஸ்டர் பண்றீங்களா? தமிழ் எழுத்த நசுக்காதீங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல டிசைன் வேல பாக்குறவன் நான். பேனர், பண்டிங், கல்யாண கார்டு, இதுதான் சோறு போடுது. ஆனா கொஞ்ச நாளா டிசைன் படிக்கிற பிள்ளைங்க வேற ஒண்ண தூக்கிட்டு வருதுங்க. சொந்தக் கொள்கைய எழுத்தாலயே அடுக்கி ஒரு போஸ்டர், படம் கிடையாது, முகம் கிடையாது, எத நம்புறேன் எத செய்யமாட்டேன்னு பெரிய எழுத்துல. காலேஜ் அசைன்மென்ட்டா இருக்கும், இல்ல ரூம் சுவத்துக்கா இருக்கும். நல்ல விஷயம்லா. ஆனா வர்ற ஃபைல்ல பாதி, தொழிலுக்கு வந்த புதுசுல நாங்க எல்லாரும் பண்ணின அதே கூத்து. எழுத்துப்பிழை பாருங்க, மங்கலா பிரிண்ட் ஆகாம பாருங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

யார் வேணாலும் சொல்லக்கூடிய வரி

"கனவு காண். உழை. வெற்றி பெறு." இத எந்த டியூஷன் சென்டர் சுவத்துலயும் ஒட்டிடலாம், அப்புறம் அது எப்படி உங்க கொள்கை ஆகும்? 1964ல லண்டன்ல கென் கார்லண்ட்னு ஒரு டிசைனர், கூட இருந்தவங்க கையெழுத்தையும் வாங்கி ஒரு அறிக்கை விட்டாரு, எங்க திறமையெல்லாம் விளம்பரத்துக்கே செலவாகுதுன்னு. டிசைன் படிக்கிறவங்க அத இன்னமும் படிக்கிறாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பெரிய பெரிய வார்த்தையோட நிறுத்திக்காம பூனைத் தீனி, கோடு போட்ட பற்பசை, சிகரெட்டுன்னு சாமான் பேரச் சொல்லியே திட்டியிருப்பாரு.

நம்ம பக்கம் ஒரு தங்கச்சி எழுதியிருந்துச்சு: "பெரட்டுக்கு நின்ன பாட்டியோட பேத்தி நான். யாருக்கும் கைகட்டி நிக்கமாட்டேன்." விடியறதுக்கு முன்னாடி தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல பேர் குடுத்துட்டு பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன பாட்டிங்க இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு இருந்தாங்க, இருந்தாலும் அந்த வரிய அந்தப் பிள்ளையாலதான் எழுத முடியும். எழுதுறதுன்னா அப்படி எழுதணும்.

நசுக்குறது

இங்கதான் எனக்கு இன்னும் ஆறல. அவ்ளோ நல்ல வரி, போஸ்டர விரிச்சுக் காட்டினப்ப வயிறு எரிஞ்சுது.

பின்ட்ரெஸ்ட்ல பாத்த ஒரு இங்கிலீஷ் போஸ்டரோட லேஅவுட் அது. ஒவ்வொரு வார்த்தையும் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் கட்டம் கட்டமா அடுக்கியிருக்கும், பாத்திருப்பீங்க. இங்கிலீஷ்ல அது நிக்குது, ஏன்னா எல்லாம் கேப்பிடல் லெட்டர், எல்லாத்துக்கும் ஒரே உயரம், மேல கீழ ஒண்ணும் நீட்டிக்கிட்டு நிக்காது, வார்த்தையும் சின்னது. நாலு எழுத்து நிக்க வேண்டிய எடத்துல "நிக்கமாட்டேன்" வந்தா எப்படிக் கொள்ளும்? கொள்ளாது. அதனால பக்கவாட்டு ஹேண்டில புடிச்சு உள்ள தள்ளியாச்சு.

தள்ளினா என்னாகும்னா, அகலத்த அறுபது சதவீதமா குறைச்சா நிக்கிற கோடு மட்டும் அறுபது சதவீதமா மெலிஞ்சிடும், படுத்த கோடு பழைய தடிமன்லயே இருக்கும். "ட்" எழுத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும், நிக்கிற கோடு குச்சி மாதிரி, கீழ்க்கோடு மட்டும் தடியா. "ன்" சுழி உள்ள இருக்குற வெள்ளை அடைச்சுப் போயிருக்கும். அந்த ஒரே வார்த்தையில மூணு புள்ளி இருக்கு, க், ட், ன், மூணும் முட்டையா நீண்டு கிடந்துச்சு. நான் ஃபைல் வந்ததும் மொதல்ல பாக்குறதே அதுதான், வட்டப் புள்ளி போட்ட ஃபான்ட்ல புள்ளி வட்டமா இல்லன்னா எங்கயோ யாரோ இழுத்திருக்காங்கன்னு அர்த்தம். இன்னொரு பையன் போஸ்டர்ல மூணு சுழி "ண" அத்தனையும் தூரத்துல இருந்து பாத்தா ரெண்டு சுழி "ன" ஆயிடுச்சு, தமிழ் வாத்தியார் பாத்தா காத திருகியிருப்பாரு.

"தங்கச்சி, ஏன்மா இப்படி இழுத்த?"ன்னு கேட்டேன்.

"இப்படித்தானேண்ணே போடுவாங்க?"

அந்தப் பதில்தான் மண்டையில நின்னுடுச்சு, ஏன்னா அது பிள்ள தப்பு மட்டும் இல்ல. நம்ம ஊர்ல கண்ணு பழகினதே அப்படித்தான். கடைப் பலகையில தேசிய மொழியான மலாய்தான் எடுப்பா இருக்கணும்னு விதி, அது சரி, ஆனா மிச்சம் இருக்குற ஒல்லி எடத்துல தமிழ எப்படி வைக்கிறதுன்னு யாரும் யோசிக்கல, புடிச்சு நசுக்கி வச்சாங்க. அத பாத்தே வளந்துட்டு, போஸ்டர்ல முழு ஏ1 தாளும் நம்ம கையில இருக்குறப்பவும் தமிழுக்கு ஒதுக்கின எடம் மாதிரியே நசுக்குறோம். பலகைக்காவது எடம் இல்லன்னு சாக்கு இருக்கு, உங்களுக்கு 594க்கு 841 மில்லிமீட்டர் காலியா கிடக்குதே!

இதுல கைக்காசு வேற. அந்தப் பிள்ள எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கண்காட்சிக்குன்னு வேற கடையில ஏ1ல சில காப்பி அடிச்சாச்சு, கணக்குப் பாத்தா நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. லெக்சரர் பாத்துட்டு படிக்கவே முடியலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

சரி, என்ன பண்ணலாம்? மொதல்ல வரிய எழுதுங்க, அப்புறம் அந்த வரிக்கு லேஅவுட் தேடுங்க, தலகீழா போகாதீங்க. ஓரம் ஓரமா ரெண்டு பக்கமும் முட்டணும்னு எந்தச் சட்டமும் இல்ல, இடது பக்கம் சேத்து வச்சுட்டு வலது பக்கத்த அதுபாட்டுக்கு விட்டுடுங்க. ஒடுக்கமான எழுத்துதான் வேணும்னா ஒடுக்கமாவே வரைஞ்ச ஃபான்ட் இருக்கு, கூகுள்ல இலவசமா கிடைக்கிற அனெக் தமிழ்ல அகலத்தையும் தடிமனையும் தனித்தனியா மாத்தலாம், கோடு கெடாது, வரைஞ்சவங்க ஒவ்வொரு அகலத்துக்கும் சரி பண்ணி வச்சிருக்காங்க. நாங்க அந்தப் பிள்ள போஸ்டர்ல "யாருக்கும் கைகட்டி"ய சின்னதாக்கி மேல வச்சுட்டு, "நிக்க", "மாட்டேன்" ரெண்டையும் ரெண்டு வரியா பெருசா இறக்கினோம். சொல்லும்போதும் அங்கதானே குரல் அழுந்துது.

வரி இடைவெளியும் இதோட சேந்த சமாச்சாரம். இங்கிலீஷ் கேப்பிடலுக்கு வைக்கிற மாதிரி நெருக்கி வச்சா, மேல் வரியில இருக்குற "ரு", "கு" வாலு கீழ் வரி "நி" கொக்கி மேலயும் "க்" புள்ளி மேலயும் போய் உக்காரும். நம்பர் சொல்லுங்கண்ணேன்னு கேப்பாங்க, எழுத்து அளவுல 130, 140 சதவீதத்துல ஆரம்பிங்க, அப்புறம் எந்த எழுத்துக்குக் கீழ எந்த எழுத்து வருதுன்னு கண்ணால பாத்து இறக்கி ஏத்துங்க.

எல்லா வரியும் கத்துறது

ஒண்ணு பெருசு, மத்ததெல்லாம் சிறுசு.

ஷேடோ, கிரேடியன்ட்

தைப்பூச பேனருக்கு வச்சுக்கங்க.

எழுத்துக்கு எழுத்து தள்ளி வைக்கிறது

டிராக்கிங், அதான் எழுத்துக்கு நடுவுல விடுற எடைவெளி, அத ஏத்துனா "கா"வுல இருந்து கால் கழண்டு ஓடும். பூஜ்யத்துலயே விடுங்க.

கொம்பு பிரிஞ்சு போறது

"கொ"வ கம்ப்யூட்டர் க, அதுக்கப்புறம் ஒரு உயிர்க்குறின்னுதான் சேத்து வைக்குது, கொம்ப எடுத்து முன்னாடி போடுறது சாஃப்ட்வேர் வேல. இல்லஸ்ட்ரேட்டர்ல டைப் செட்டிங்ஸ்ல போயி இண்டிக் ஆப்ஷன்ஸ் டிக் பண்ணிட்டு, பாராகிராஃப் மெனுல இந்திய எழுத்துக்கான கம்போசருக்கு (எழுத்த வரியா அடுக்குற செட்டிங்) மாத்துங்க, பழைய வெர்ஷன்னா பேசாம புதுசு போடுங்க. மேக்ல இணைமதி ஃபான்ட்ல (நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் செஞ்சது) அழகா அடிச்சுட்டு அப்படியே பிரிண்ட் கடைக்கு அனுப்புவீங்க, அங்க விண்டோஸ், அந்த ஃபான்ட் கிடையாது, அது பாட்டுக்கு வேற ஒண்ண போட்டுக்கும், கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, உடைஞ்சதும் தெரியாது. அதனால அனுப்புற காப்பிய மட்டும் அவுட்லைன் பண்ணுங்க (எழுத்த வெறும் வடிவமா மாத்துறது, அப்புறம் ஃபான்ட் தேவையில்ல), திருத்துற ஃபைல தனியா வச்சுக்கங்க.

ஓரம்

சுத்தி 3 மில்லிமீட்டர் பிளீட், அதான் வெட்டுற கோட்டத் தாண்டி பின்னணிய நீட்டி விடுறது.

கறுப்பு

சின்ன எழுத்துக்கு வெறும் கறுப்பு மை 100 சதவீதம் போதும். நாலு மையும் கலந்த கறுப்ப போட்டா, பிரிண்ட் தட்டு ஒரு முடி அளவு நகந்தாலும் எழுத்தச் சுத்தி சிவப்பும் நீலமுமா நிழல் தட்டும். பெரிய கறுப்புப் பட்டைக்கு வேணா கலந்துக்கங்க. முழு அளவுல அடிக்கிறதுக்கு முன்னாடி, ரொம்ப சின்ன எழுத்து இருக்குற மூலைய மட்டும் வெட்டி, நெஜ அளவுல ஒரு ஏ4ல அடிச்சு சுவத்துல ஒட்டி, ரெண்டு எட்டு பின்னாடி போய் படிச்சுப் பாருங்க. அம்பது காசுல முடிஞ்சிடும்.