துன்பியல் கதையைப் படிக்க ஒரே ஒரு கேள்வி

சோகமான நாடகத்தையோ காப்பியத்தையோ முடித்த கையோடு நாம் செய்கிற முதல் வேலை, தப்பு யார் மேல் என்று தேடுவது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாருக்கு, எது, எப்போது தெரிந்தது என்ற ஒரு கேள்வியோடு உள்ளே போங்கள். மேடை, சிற்பம், வேதநூல், வரலாறு என்று எங்கே போனாலும் இதைக் கேட்கலாம், பதில்தான் இடத்துக்கு இடம் மாறும்.

கதையின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதெல்லாம் துப்பறியும் கதைக்குச் சரி. பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ஈடிப்பஸ் நாடகம் பார்க்க ஏதென்ஸில் வந்து உட்கார்ந்த கூட்டத்துக்கு அவன் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் என்ற பழங்கதை ஏற்கெனவே தெரியும், தெரிந்துகொண்டே பார்ப்பதில்தான் பதற்றமே இருக்கிறது.

இப்போது ஒரு தாளில் பாத்திரங்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் உண்மை தெரியவரும் இடத்தைப் பக்கத்தில் குறியுங்கள். குருட்டு ஞானி டைரீசியஸுக்கு முதலிலிருந்தே தெரியும். ஈடிப்பஸின் தாயும் மனைவியுமான யொகாஸ்டாவுக்குப் பாதி வழியில் புரிந்துவிடுகிறது, இதற்கு மேல் தோண்டாதே என்று கெஞ்சிவிட்டு உள்ளே போகிறாள். கடைசியாகத் தெரிவது ஈடிப்பஸுக்கு. அதுவும் எப்படி? அவன் பயத்தைப் போக்கலாம் என்று நல்ல எண்ணத்தோடு வந்த தூதன் சொன்ன செய்தியே அவனைக் கவிழ்த்துவிடுகிறது. உண்மையை அறிவதும் வாழ்க்கை தலைகீழாவதும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் மிகச் சிறப்பு என்று சொல்லும் அரிஸ்டாட்டில், இந்த நாடகத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார். நாயகனை வீழ்த்துவதாக அவர் பேசும் ‘ஹமார்ஷியா’வைக் கெட்ட குணம் என்று படித்துவிடாதீர்கள், பிழை என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்துக்கு வாருங்கள். இங்கே அந்தத் தாள் இன்னும் வேலை செய்யும். ராணியின் சிலம்பைத் திருடியவனே பொற்கொல்லன், ஆக அவனுக்கு எல்லாம் தெரியும். கோவலனுக்கு எதுவுமே தெரியாது, விற்க வந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான். பாண்டியனோ ஊடலில் இருக்கிற மனைவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்கிறான். பிறகு கண்ணகி தன் சிலம்பில் மாணிக்கப் பரல் என்கிறாள், எங்களுடையதில் முத்து என்கிறான் அவன். இங்கே நின்று கவனியுங்கள்: வழக்கைத் தீர்க்கத் தேவையான தகவல் முதலிலிருந்தே ராஜாவின் தலைக்குள்தான் இருந்திருக்கிறது! உள்ளே என்ன பரல் என்று உடைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். தெரியாமல் செய்த பிழையைவிட, தெரிந்த ஒன்றைக் கேட்க மறந்த பிழை பயங்கரமாக இருக்கிறது. உலக துன்பியல்களிலேயே இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைக்க அதிகம் கிடையாது என்பது என் கட்சி.

சரி, சமய நூல்களில் என்ன ஆகும்? அங்கே பெரும்பாலும் தெரிந்தே போகிறார்கள். போருக்கு முன்பே தன் பிறப்பைத் தெரிந்துகொண்ட கர்ணன் துரியோதனனை விட்டு வரமாட்டேன் என்கிறான். கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு இந்தத் துன்பக் கிண்ணம் நீங்கட்டும் என்று வேண்டிவிட்டு எழுந்து போகிறார். அதனால் ‘ஏன் தெரியவில்லை’ என்று கேட்பதை விட்டு ‘தெரிந்தும் ஏன்’ என்று கேளுங்கள். நம்புகிறவர்களுக்குச் சிலுவையோடு கதை முடிவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது, அதை வெறும் சோகக் கதையாகச் சுருக்கினால் பாதியில் எழுந்து வந்த மாதிரி ஆகிவிடும். பைபிளில் எல்லாவற்றையும் இழக்கும் நல்லவன் யோபு இதற்கு நேர் எதிர்: அவனைச் சோதிப்பது பற்றி வானத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசி வரை சொல்லப்படுவதே இல்லை. ஆடுமாடு இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. புதிதாகப் பிள்ளைகளும் பிறக்கிறார்கள், செத்த பிள்ளைகள் செத்தவர்கள்தான்.

ஓவியத்திலும் சிற்பத்திலும் பார்க்க வேண்டியது, கலைஞர் எந்த நொடியைப் பிடித்திருக்கிறார் என்பதை. 1506-ல் ரோமில் தோண்டியெடுத்த லவோகோவன் சிலையில், எதிரிகள் விட்டுப்போன மரக்குதிரையை நம்பாதீர்கள் என்று டிராய் நகரத்தாரை எச்சரித்த அந்தப் பூசாரியையும் மகன்களையும் பாம்புகள் இறுக்குகின்றன, போராட்டம் இன்னும் முடியவில்லை. மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிற்பத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, தாயின் மடியில் இயேசுவின் உடல்.

வரலாற்றுக்கு வரும்போது கவனமாக இருங்கள், நமக்கு முடிவு தெரியும் என்பதால் அன்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றிவிடும். ஆகவே தேதியோடு எழுதுங்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எதிர்த்திருந்தார்கள், மேலிடம் கேட்கவில்லை. லவோகோவன் நினைவுக்கு வருகிறானா?

ஆனால் தாளில் ‘தெரியும், வேண்டுமென்றே செய்தான்’ என்று எழுத நேர்ந்தால் அந்த நிகழ்வை அவலம், விதி என்று மென்மையாக்காதீர்கள். 1919 ஏப்ரல் 13-ல் ஜாலியன் வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டையர், சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்று விசாரணைக் குழு முன் அவரே ஒப்புக்கொண்டார். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அது பேரவலம். செய்தவர் பக்கம் அதற்குப் பெயர் குற்றம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஈடிப்பஸை முதலில் எடுக்கலாம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்புறம் கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும். யோபுவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வரும் நீண்ட வாக்குவாதங்களுக்குப் பொறுமை வேண்டும்.