நாலு கோர் இருந்தும் ஒன்றுதான் ஓடுகிறதா?

சிறிய கருவிகளுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நானே கம்பைல் செய்து போடுவது வழக்கம். ஆயத்த லினக்ஸ் தொகுப்புகளான டிஸ்ட்ரோக்களின் கெர்னலில் பல கோர் ஆதரவு ஏற்கெனவே இருக்கும். எக்ஸ்86-இல் (பிசிக்களில் உள்ள ப்ராசஸர் வகை), மிகச் சிறிய அமைப்பான டைனிகான்ஃபிக்கிலிருந்து நாமாகக் கட்டினால் அது அணைந்தே கிடக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் நோய் எங்கே என்று பாருங்கள். என்ப்ராக் கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். தன் ப்ராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) அனுமதித்த கோர்களைத்தான் அது எண்ணிச் சொல்லும். சிஸ் கோப்பகத்தில் டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று இறங்கினால் பாசிபிள் (கெர்னல் கையாளக்கூடியவை), பிரசென்ட் (இயந்திரத்தில் இருப்பவை), ஆன்லைன் (ஓடுபவை) என மூன்று கோப்புகள் இருக்கும். நாலு கோர் இயந்திரத்தில் பிரசென்டும் ஆன்லைனும் குறைந்தது 0-3 என்று காட்ட வேண்டும், பாசிபிள் அதைவிடக் கூடவும் இருக்கலாம்.

பிரசென்ட் 0-3, ஆன்லைன் மட்டும் 0 என்றால் கெர்னலுக்குக் கோர்கள் தெரியும், எழுப்பவில்லை. பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) மேக்ஸ்சிபியுஸ்=1 என்று யாராவது விட்டுவைத்திருக்கிறார்களா பாருங்கள். ப்ராக் கோப்பகத்தின் சிஎம்டிலைன் கோப்பில் அந்த வரி அப்படியே கிடைக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் எந்தக் கோர் எழ மறுத்தது என்று தேடுங்கள்.

பாசிபிளே 0 என்றால் பூட் வரியில் நோஎஸ்எம்பி, என்ஆர்_சிபியுஸ்=1 இரண்டையும் தேடிவிட்டு கெர்னலின் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிக்குக்குப் போங்கள். எக்ஸ்86-இல் ப்ராசஸர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ் பகுதியில் சிமெட்ரிக் மல்டி ப்ராசஸிங் சப்போர்ட் (எஸ்எம்பி, அதாவது பல கோர் ஆதரவு) இருக்கும், அதை இயக்குங்கள். கீழே உள்ள அதிகபட்ச சிபியு எண்ணிக்கை உங்கள் கோர்களைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் முறையான ஏசிபிஐ-யையும் இயக்குங்கள். மற்ற கோர்களின் பட்டியலை ஃபர்ம்வேர் (போர்டிலேயே உள்ள மென்பொருள்) ஏசிபிஐ அட்டவணையில்தான் தருகிறது. அளவைக் குறைக்கிறேன் என்று இதை வெட்டுவது வீண் சிக்கனம். ஆர்ம் போர்டு என்றால் போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு பதிவு வேண்டும், அதை எப்படி எழுப்புவது என்ற குறிப்போடு. மெய்நிகர் இயந்திரம் ஓட்டும் க்யூஎமுவில் சோதிக்கிறவர்கள் எஸ்எம்பி 4 என்று கொடுக்காவிட்டால் கிடைப்பது ஒரே சிபியுதான். அதற்குக் கெர்னலைக் குடைந்து பயனில்லை.

சரி, கம்பைல் ஆகிவிட்டது. மாட்யூல்களையும் (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றும் துண்டுகள்) மறுபடி கட்டி நிறுவுங்கள். எஸ்எம்பி என்ற குறி மாட்யூலின் வெர்மேஜிக்கிலும் (எந்தக் கெர்னலுக்காகக் கட்டியது என்ற முத்திரை) இருப்பதால் பழையவற்றைப் புதுக் கெர்னல் ஏற்காது. அப்புறம் கட்டிய கெர்னல் இமேஜை பூட் கோப்பகத்துக்கு நகலெடுத்து, கெர்னலை ஏற்றும் பூட்லோடர் அதைத்தான் எடுக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ரீபூட் ஆனதும் யுநேம் கட்டளையை வி தேர்வோடு கொடுத்தால் எஸ்எம்பி என்ற எழுத்துகளும் கட்டிய தேதியும் வரும். தேதி பழையதென்றால் ஓடுவது பழைய கெர்னல்தான்.

நாலும் ஆன்லைன் வந்தும் கம்பைல் வேலை ஒரே கோரில் ஊர்ந்தால், கம்பைலை நடத்தும் மேக் கட்டளைக்கு ஜே தேர்வோடு 4 கொடுங்கள். தானாக அது வேலையைப் பிரித்துக்கொள்ளாது.